பன்னிரண்டு அங்குலமும் அரை நூலும்

தையலக்காவின் வீட்டுக்காரருக்குப் பேன்ட் எப்போதும் ஒரே இடத்தில் கிழிந்தது. கால்கள் இரண்டும் சேருகிற இடத்தில், இடது தொடைப் பக்கமாக, நான்கு விரற்கடை நீளத்துக்கு. முதல் தடவை நூலைத் திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தாள். இரண்டாம் தடவை இரட்டைத் தையல் போட்டாள். மூன்றாம் தடவை உள்ளே ஒட்டுத்துணி வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மெஷினை ஓட்டி, யானையே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் பிரியாதபடி பூட்டி அனுப்பினாள். அன்று சாயங்காலம் அவர் கைப்பையை முன்னால் பிடித்தபடி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வீட்டுக்குள் வந்தார். ஒட்டுத்துணி வைத்தது வைத்தபடி இருந்தது. அதைச் சுற்றி இருந்த பேன்ட்தான் இல்லை.

தையலக்கா பார்வைக்குச் சாது. ஆனால் அளவு விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறவள். மற்றவர்கள் மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு இடுப்பளவைச் சொன்னால்தான் ஆள் பிடிபடும். கல்யாணப் பேச்சு நடந்தபோது, "மாப்பிள்ளை எப்படிடீ?" என்று கேட்ட அம்மாவிடம், "வலது தோள் அரை இஞ்சு இறக்கம். மத்தபடி தங்கமான மனுஷன்" என்று சொன்னவள்.

அந்தத் தங்கமான மனுஷனைத்தான் இப்போது நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. துணி பழசானா முட்டி போகும், இல்ல உக்கார்ற இடம் போகும். இப்படி ஒரே பக்கம் போகாது. எந்த வீட்டு மதில் ஏறிக் குதிக்கிறீங்க?"

"நான் ஏன் மதில் ஏறப்போறேன்? பாலத்து மேட்டுல ஏறும்போது பெடல் திடீர்னு வழுக்கிடுது. கால் சறுக்கி நடுக்கம்பியில உக்காந்துடுறேன்."

"தினமுமா?"

"காலையில மட்டும்தான். சாயங்காலம் இறக்கம்தானே, உருட்டி விட்டுருவேன்."

அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் படித்து எழுதுகிற வேலையில் இருந்தார். நாள் முழுக்கச் சைக்கிள்தான். பெடல் வழுக்குகிறது என்று தையற்கடைக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரரிடம் நான்கு தடவை காட்டியிருக்கிறார். சைக்கிள் கடைக்காரருக்கு என்று ஒரு வைத்தியமுறை உண்டு. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றிவிட்டு, செயின் பக்கம் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நான்கு தடவையும், "செயின் நல்லாப் பேசுது. இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தையலக்கா சைக்கிள் ஓட்டியது கிடையாது. ஆனாலும் அடுத்த நாள் காலை கடையைத் திறப்பதற்கு முன்னால் வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். முன்னால் இருந்த பெரிய பல்சக்கரத்தில் செயின் சுற்றிப் படிந்திருந்தது. அந்த வளைவின் நடு இடத்தில் செயினை விரலால் பிடித்து முன்பக்கமாக இழுத்தாள். செயின் பல்லை விட்டு விலகி வந்தது. அந்த இடுக்கு வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது. அவள் கையிலிருந்த சாக்குக்கட்டியின் முனை அந்த இடுக்குக்குள் சுகமாகப் போய் வந்தது.

"இது லூசு" என்றாள். உடம்பில் ஒட்டாமல் விலகி நிற்கிற சட்டையைப் பார்த்தால் சொல்கிற அதே குரலில்.

நேரே எதிர்க்கடைக்குப் போனாள். ஆணியில் ஒரு புதுச் செயின் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு கண்ணிக்கு எவ்வளவு நீளம்?"

"அரை இஞ்சு. எந்த ஊர்க் கம்பெனி செஞ்சாலும் அரை இஞ்சுதான்."

அப்படியானால் இருபத்துநான்கு கண்ணிக்குப் பன்னிரண்டு அங்குலம். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். ஓர் ஆணியின் இடது ஓரத்தில் தொடங்கி, இருபத்துநான்கு கண்ணி எண்ணி, அங்கே வந்த ஆணியின் இடது ஓரத்தில் முடித்தாள். புதுச் செயின் பன்னிரண்டுக்கு ஒரு நூல் குறைவாகக் காட்டியது. திரும்பிப் போய் வீட்டுக்காரரின் பழைய செயினை இறுக்கிப் பிடித்து அளந்தாள். அது துல்லியமாகப் பன்னிரண்டு.

நூல் என்றால் இங்கே தைக்கிற நூல் இல்லை. ஓர் அங்குலத்தை எட்டுப் பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பெயர் ஒரு நூல். தச்சரும் கொத்தனாரும் அப்படித்தான் பேசுவார்கள். தையலக்காவின் அப்பா தச்சர். அவளுக்கும் அந்தப் பேச்சுத்தான் வரும்.

"பாத்தியாம்மா, பழைய செயின்தான் சரியா இருக்கு. புதுசுதான் குறைச்சல்" என்றார் சைக்கிள் கடைக்காரர். "அதைவிடு. செயின் எப்படி நீளும்? அது என்ன ரப்பரா? இரும்பு!"

தையலக்கா கடைக்குள் போனாள். வெட்டுகிற மேசையின் இழுப்பறையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து வந்தாள். புதுச் செயின் பன்னிரண்டு. பழைய செயின் பன்னிரண்டும் ஒரு நூலும். அவள் முகத்தில் ஈயாடவில்லை. செயின் நீண்டிருக்கிறது, சரி. ஆனால் டேப்பும் அல்லவா அதே அளவு நீண்டிருக்கிறது! பதினொரு வருஷமாகக் கழுத்தில் கிடந்த டேப்.

அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று யோசித்தாள். நீண்ட டேப்பால் அளந்து, அதே டேப்பால் வெட்டினால் ஒன்றும் கெடாது. தப்பும் தப்பும் கழிந்துவிடும். ஆனால் கவுன்களுக்கு அளவெடுத்தது அவள் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, பொத்தான் தைப்பதும் விளிம்பு மடிப்பதும் ரசீது எழுதுவதும் அவள் வேலை. அவளிடம் தனி டேப் இருந்தது, புது டேப். அவள் அளந்து தருகிற கவுன் எல்லாம் தொளதொள என்று வரும். "உனக்கு அளவெடுக்கவே தெரியலடீ" என்று அவளைத் திட்டாத வாரம் இல்லை.

கடைக்குள் போனவள், பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனாரின் முன்னால் நின்று, "இத்தனை வருஷமும் தப்பு என் டேப்புல இருந்துச்சு. உன் மேல இல்ல" என்றாள்.

நாத்தனார் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "எனக்குத் தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா சொல்றதுதானே?"

"சொன்னா புது டேப் வாங்கிடுவீங்க. அப்புறம் என்னைத் திட்ட வேற காரணம் தேடணும். அது எதுவோ, இதாவது பழகிப்போச்சு."

டேப் குப்பைக்குப் போயிற்று. செயின் விஷயம் அவ்வளவு லேசில் தீரவில்லை. இரும்பு எப்படி நீளும் என்ற கேள்வி தையலக்காவைக் குடைந்தது. கடைசியில் ஒரு தையலைப் பிரிப்பதுபோலச் செயினில் ஒரு கண்ணியைச் சைக்கிள் கடைக்காரரையே பிரிக்கச் சொன்னாள். உள்ளே இருந்த ஆணியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஆணியின் இடுப்பில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் தடுக்கியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கண்ணிகளின் இரும்புப் பட்டைகள் நீளவே இல்லை. ஒவ்வோர் ஆணியும் தலைமயிர் அளவுக்குத் தேய்ந்து, தேய்ந்த அளவுக்கு இடம் விட்டிருக்கிறது. ஒரு தையலில் ஒவ்வொரு கண்ணும் துளித்துளி இளகினால் மொத்தச் சட்டையும் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவதில்லையா, அது மாதிரி. நீண்ட செயின் பல்லில் முழுசாக உட்காராது. பாலத்து மேட்டில் பாரம் ஏறினதும் பல்லின் நுனிக்கு வந்து தாவிவிடும். தாவினதும் பெடல் வெறுமனே சுற்றும். அதன்பிறகு நடுக்கம்பி, பேன்ட், நான்கு விரற்கடை.

வெற்றியோடு புதுச் செயின் மாட்டச் சொன்னாள். மறுநாள் காலை வீட்டுக்காரர் பாலத்தில் முன்னைவிட மோசமாக வழுக்கினார். இந்தத் தடவை இரண்டு பக்கமும் கிழிந்தது.

"நான்தான் சொன்னேனே" என்று சைக்கிள் கடைக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு எதிர்க்கடை வாசலில் வந்து நின்றார்.

தையலக்கா விடவில்லை. பின்சக்கரத்தின் நடுவில் இருந்த சின்னப் பல்சக்கரத்தைத் துடைத்துப் பார்த்தாள். பற்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அலை மாதிரி வளைந்து, கூர்மையாகி இருந்தன. பெருத்த செயின் தன் அளவுக்குப் பல்லையும் அரைத்து வைத்திருந்தது. அந்தப் பல்லில் சரியான அளவுள்ள செயின் எப்படி உட்காரும்? பல்சக்கரத்தையும் மாற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் வீட்டுக்காரர் சாயங்காலம் முழுப் பேன்ட்டோடு, நேராக நடந்து வீட்டுக்கு வந்தார்.

தையலக்கா அளவு நோட்டில், கவுன் அளவுகளுக்குக் கீழே எழுதிவைத்தாள்: "அரை நூல் கூடினால் செயினை மட்டும் மாற்றவும். ஒரு நூல் கூடும்வரை விட்டால் பல்லும் போச்சு. இரும்பு ஸ்கேல் மட்டும்."

இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. அலுவலகத்தில் மீட்டர் படிக்கிற இருபது பேரிடமும், "அரை நூல் தாண்டினா மாத்திடணும். என் வீட்டுக்காரம்மா கண்டுபிடிச்சது" என்று சொல்லிவிட்டார். பாலத்து மேட்டில் அந்தரங்கமாக அவதிப்பட்டுக்கொண்டிருந்தவர் தான் மட்டும் இல்லை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பதினான்கு பேர். அவர்கள் சொல்லி வேறு யார் யாரோ. தையலக்கா என்ற பெயர் போய் 'அரைநூல் அக்கா' என்ற பெயர் ஊன்றிவிட்டது. அளந்து சொல்லிவிட்டால் போய்விடுவார்கள் என்று அவள் நினைத்தாள். அவர்கள் போகவில்லை.

முதலில் விவரத்தைத் தப்பாகப் பிடித்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமை எழுத்தர். அவர் செயினைக் கழற்றி, துடைத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"எவ்வளவு அதிகமா இருக்கு?" என்றார்.

அவள் அளந்து பார்த்தாள். "அரை நூலுக்குக் கொஞ்சம் கூட. மாத்திடுங்க."

"மாத்துறது எதுக்கு? அரை நூல்தானே, பிடிச்சுக் குடுத்துடுங்க. மூணு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை வேணும். ஒரு கல்யாணத்துக்குப் போகணும்."

"சார், இது துணி இல்ல. பிடிக்க முடியாது."

"ஏன் முடியாது? போன மாசம் என் கோட்டை ரெண்டு இஞ்சு பிடிச்சீங்களே. அதைவிட இது சின்ன வேலைதானே?"

"கோட்டுல மடிச்சு உள்ள தள்ளலாம் சார். இதை எங்க மடிக்கிறது?"

தலைமை எழுத்தர் தாராள மனசோடு, "உள்பக்கமாவே மடிங்க. வெளியில தெரியாம இருந்தாப் போதும்" என்றார்.

ஒரு கண்ணியைக் கழற்றினால் சுருங்கிவிடாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மொத்த நீளம் குறையும், ஆனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியும் பெருத்தபடியேதான் இருக்கும், பல்லில் உட்காராது என்று அவள் பதில் வைத்திருந்தாள். அவர் செயினை மேசைமேல் வைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி நாத்தனாரை அனுப்பினாள். நாத்தனார் ஓடிப்போய் ரசீதைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஏண்டீ வாங்கி வச்சே?"

"பாவம் அண்ணி, கல்யாணமாம்."

நாத்தனாருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. அதுதான் ஆபத்து. தையலக்கா சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து ஆட்கள் வந்து நாத்தனாரிடம் செயினை நீட்டினார்கள். அவளும் துணிக்கு எழுதுவதுபோலவே எழுதி வாங்கினாள்: "கறுப்பு. நீளம் குறைக்க. செவ்வாய்." வாங்கினதை எல்லாம் ஹேங்கரில் மாட்டி, காலரில் குத்துகிற சீட்டைக் கண்ணியில் குத்தி, கவுன்களுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தொங்கவிட்டாள். இரண்டே வாரத்தில் நாற்பத்தொரு செயின். கடைக்குள் துணி வாசனை போய் எண்ணெய் வாசனை நின்றது. ஒருவர் வண்டியோடு வந்து, போட்டுப் பார்க்கும் அறைக்குள் அதைத் தள்ளிக்கொண்டு போய், திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "வெட்ட வெளியில செயினைக் கழட்டணுமா?" என்று வருத்தப்பட்டார்.

இந்தக் கூத்தை எல்லாம் எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் சைக்கிள் கடைக்காரர். தையலக்கா அவரிடமே போய்க் கெஞ்சினாள்.

"அண்ணே, நான் அளக்கிறதோட நிறுத்திக்கிறேன். மாத்துறதை நீங்க பாருங்க. உங்களுக்கும் வேலை, எனக்கும் நிம்மதி."

"என் காதை நம்பாதவங்க என் கையை மட்டும் எதுக்கு நம்பணும்?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கோபம் மூக்குமேல் நின்றது. அன்று மத்தியானமே தன் கடை வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டார்: "இங்கே பேன்ட் பிடித்துத் தரப்படும்."

வேடிக்கைக்கு எழுதினார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் ஒரு மீட்டர்க்காரர் கிழிந்த பேன்ட்டோடு நிஜமாகவே வந்து நின்றபோது பின்வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. சீட்டுக்குப் போடுகிற தோல் துண்டை உள்ளே வைத்து, பித்தளை ரிவெட் பதினொன்றை அடித்து, டியூப் ஒட்டுகிற பசையால் ஓரங்களை ஒட்டிக் கொடுத்தார். அந்தப் பேன்ட் அதன்பிறகு கிழியவே இல்லை. போட்டவர் நடக்கும்போது மட்டும் தூரத்தில் யாரோ பாத்திரம் அடுக்குவதுபோலச் சத்தம் கேட்டது. ஆனாலும் போட்டவருக்கு வாயெல்லாம் பல். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் கடை ஆய்வாளர் வந்தார். ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளைக் கவுனில், முதுகு நெடுக, ஒரு கண்ணி விடாமல் செயின் அச்சு விழுந்திருந்ததாகப் புகார். புகார் உண்மைதான். தையலக்கா அதை மூன்று நாள் துவைத்துப் பார்த்துத் தோற்றிருந்தாள்.

ஆய்வாளர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோப்பைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, ஹேங்கர்களைப் பார்த்தார்.

"உங்க உரிமத்துல ஆடை தைத்தல், திருத்துதல்னு இருக்கு. இது ஆடையா?"

"இல்ல சார்."

"திருத்துறீங்களா?"

"இல்ல சார். திருத்த முடியாதுன்னு சொல்றதுக்காகத்தான் வச்சிருக்கேன்."

"முடியாததைச் செய்யறதுக்குத் தனி உரிமம் வேணுமே" என்று அவர் குறித்துக்கொண்டார்.

வேறு வழி தெரியாமல் தையலக்கா விஷயத்தைக் கண்முன்னால் காட்டிவிடலாம் என்று வெளியே வந்து, அவருடைய சைக்கிளிலேயே ஸ்கேலை வைத்தாள். ஸ்கேலைப் பார்த்ததும் அவள் குரல் மாறிவிட்டது.

"சார், ஒரு நூல் ஆயிடுச்சு. பல்லும் போயிருக்கும். மேட்டுல ஏறும்போது இறங்கித் தள்ளிட்டுப் போங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இது அரசாங்க சைக்கிள்மா. செயின் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் தேயும்னு விதி இருக்கு. இது வந்து ரெண்டு வருஷம்தான் ஆச்சு."

"தேஞ்சிருக்கே சார்."

"விதிப்படி இன்னும் நாலு வருஷம் இது புதுசு."

அவர் அரக்கை உருக்கி, கதவில் துணிநாடா கட்டி, கடையைச் சீல் வைத்தார். சீலை எடுக்க வேண்டுமானால் உரிமத்தை இணைத்து எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் எங்கே என்று கேட்டார். உள்ளே, சுவரில், கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. "அப்ப சீலை எடுத்ததும் அதை இணைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தையலக்கா அரக்கைத் தொட்டுப் பார்த்தாள். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கதவு வேலை நாளில் மூடி அவள் பார்த்ததில்லை. தலையில் கை வைத்த நேரத்தில், ஜன்னலிலிருந்து குரல் கேட்டது.

"அண்ணி, கதவை ஏன் வெளியில பூட்டுனீங்க?"

நாத்தனார், போட்டுப் பார்க்கும் அறையில், திரைக்குப் பின்னால் ஒரு குட்டித்தூக்கம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டாள் என்று தையலக்கா நினைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் பயப்படவில்லை. ஜன்னல் கம்பி வழியாகத் தெருவைப் பார்த்தாள். அங்கே ஒருவர் கையில் செயினோடு நின்றிருந்தார். "குடுங்க" என்று கையை நீட்டி வாங்கி, சீட்டு எழுதிக் கம்பி வழியாகவே நீட்டினாள். நாற்பத்திரண்டு.

"அடியே, கடையைச் சீல் வச்சிருக்காங்க!"

"கதவைத்தானே வச்சிருக்காங்க அண்ணி?"

கால் மணி நேரம் போயிருக்கும். தெருக்கோடியில் ஆய்வாளர் தெரிந்தார். சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் கோப்பை முன்னால் பிடித்துக்கொண்டு, நண்டு நடை நடந்து வந்தார். அந்த நடையைத் தையலக்கா எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள். அவர் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

"இடது பக்கமா சார்? நாலு விரற்கடையா?"

"ஊசி நூல் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார் ஆய்வாளர் தரையைப் பார்த்தபடி.

"உள்ள இருக்கு சார்."

இருவரும் அரக்குச் சீலைப் பார்த்தார்கள். விண்ணப்பம் இல்லாமல் சீலை உடைக்க ஆய்வாளருக்கே அதிகாரம் இல்லை. ஜன்னலிலிருந்து நாத்தனார், "குடுங்க சார், நான் தைச்சுத் தரேன்" என்று கையை நீட்டினாள். கொடுக்க வேண்டுமானால் கழற்ற வேண்டும்; கழற்றுவதற்கான அறையும் சீல் வைத்த கடைக்குள்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான், சீல் வைத்த கடைக்குள்ளிருந்து ஒரு பெண் தன்னோடு பேசுகிறாள் என்பது அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. ஆளை உள்ளே வைத்துச் சீல் வைப்பதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை.

எதிர்க்கடையில் பலகை ஆடிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் அதைப் படித்தார். வேறு போக்கிடம் இல்லாமல் தெருவைக் கடந்தார். சைக்கிள் கடைக்காரர் அவருக்கென்று தோலில் நல்ல துண்டாகத் தேர்ந்தெடுத்து, பதினான்கு ரிவெட் அடித்தார். திரும்பி வந்தபோது ஆய்வாளரால் கம்பீரமாக நிற்க முடிந்தது. உட்காரத்தான் முடியவில்லை. நின்றபடியே, தையலக்காவின் முதுகுப்புறச் சுவரில் தாளை வைத்து, அவள் சார்பில் விண்ணப்பத்தைத் தானே எழுதி, தானே பெற்றுக்கொண்டு, "இணைப்பு: சுவரில் உள்ளது, ஜன்னல் வழியே பார்க்கப்பட்டது" என்று குறித்து, சீலை எடுத்தார். உரிமத்தில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்: "மற்றும் அளந்து சொல்லுதல்." செயின்கள் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குள் உரியவர்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறவில்லை.

நாற்பத்திரண்டு செயினையும் எப்படித் திருப்பிக் கொடுப்பது? வெறுமனே கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். அன்றைக்குச் சைக்கிள் கடைக்காரரே தெருவைக் கடந்து வந்தார். கையெல்லாம் பசை, ரிவெட் அடித்து அடித்து விரலெல்லாம் காயம்.

"அம்மா, இந்தப் பேன்ட் வேலை என்னால ஆகாது. அந்த ஸ்கேலைக் கொஞ்சம் குடு. நீ சொல்ற அளவுக்கே மாத்திக் குடுக்கிறேன். பலகையைக் கழட்டிடுறேன்."

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தார்கள். பாதி இன்னும் ஓடக்கூடியவை. மிச்சத்துக்கு அவர் புதுச் செயின் எடுத்து வைத்தார்.

சொன்ன வெள்ளிக்கிழமை தலைமை எழுத்தர் வந்தார். தையலக்கா புதுச் செயினை அவர் முன்னால் வைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "சார், நான் ஒண்ணும் பிடிக்கல. பிடிக்கவும் முடியாது. இது வேற செயின். புதுசு. பழசு அதோ அந்த டப்பாவுல கிடக்கு."

அவர் புதுச் செயினை வெளிச்சத்தில் தூக்கி, கண்ணி கண்ணியாகத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அற்புதம். எங்க பிடிச்சீங்கன்னே தெரியலையே!"

"சார், இது புதுச் செயின் சார்."

"புதுசு மாதிரியேதான் ஆக்கியிருக்கீங்க. உங்க அடக்கம் யாருக்கு வரும்?" என்று தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனார்.

வந்தவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தையலக்காவுக்கு மனசு ஆறவில்லை. ஒரு நூல் பிசகாமல் உண்மையைச் சொல்லியே வாழ்ந்தவளுக்கு, செய்யாத வேலைக்கு வந்த பாராட்டு செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்தியது. "நான் என்ன செய்யட்டும், தொண்டை வறளச் சொல்லிப் பாத்துட்டேன்" என்று வீட்டுக்காரரிடம் புலம்பினாள். "சொன்னியா? சொல்லிட்டேயில்ல? விடு" என்றார் அவர், முழுப் பேன்ட்டில் கால்மேல் கால் போட்டபடி.

எல்லாம் போய் ஒரே ஒரு செயின் மட்டும் ஹேங்கரில் நின்றுவிட்டது. ஒரு மாசம் ஆயிற்று, இரண்டு மாசம் ஆயிற்று, சீட்டோடு யாரும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தையலக்கா அதைப் பையில் போட்டுக்கொண்டு, நாத்தனார் எழுதிவைத்திருந்த விலாசத்தைத் தேடிப் போனாள். ஐந்து மாடிக் கட்டடம், மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவர். சைக்கிள் செயின் இல்லாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் துவாலை காய்ந்தது.

"அதுவா? மறந்தே போச்சு" என்றார். "நடந்து நடந்து பழகிட்டேன். ரொம்பத் தேஞ்சிருந்துச்சா?"

"இல்லைங்க. கால் நூல்கூட ஆகல. செயின்ல ஒரு குறையும் இல்ல. நீங்க கழட்டியிருக்கவே வேண்டாம்."

அவர் செயினை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் ஏன் கொண்டாந்து குடுத்தேன்?"

"எல்லாரும் குடுத்தாங்க, நீங்களும் குடுத்திருப்பீங்க."

"இருக்கும், இருக்கும்" என்று அவர் தலையாட்டினார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர்போல உள்ளே போய், தேய்த்து மடித்த ஒரு பேன்ட்டை எடுத்து வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரெண்டு மாசமா நடக்கிறதுல உடம்பு இளைச்சுப்போச்சு. பேன்ட் எல்லாம் இடுப்புல நிக்க மாட்டேங்குது. இதை... பிடிச்சுக் குடுக்க முடியுமா?"

தையலக்கா பேன்ட்டை வாங்கி, இடுப்புப் பட்டையைத் திருப்பி, உள்தையலை விரலால் தடவிப் பார்த்தாள். மடிக்கத் தாராளமாக இடம் இருந்தது.

"முடியும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு எத்தனை சந்தோஷம் என்று அவருக்குத் தெரியாது. "நேரா நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க" என்று சொல்லி, பையிலிருந்து புது டேப்பை எடுத்தாள்.